எடை குறைந்த பின் தொங்கும் தோல்: பொறுப்பதா, பூசுவதா, அறுப்பதா?

உடல் எடையில் முப்பது, நாற்பது கிலோ குறைத்த ஒருவருக்கு, குறைத்ததைத் தக்கவைப்பதற்கு அடுத்தபடியாக எழும் பெரிய கேள்வி, வயிற்றிலும் மேற்கையிலும் தொடையிலும் மடிந்து தொங்கும் தோலை என்ன செய்வது என்பதுதான். வழிகள் நான்கு இருக்கின்றன. தோலை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் புண்ணும் அரிப்பும் வராமல் பராமரித்து வாழலாம். உடற்பயிற்சியாலும் புரதம் மிகுந்த உணவாலும் தோலுக்கு அடியில் தசையை வளர்த்துத் தொய்வை ஓரளவு நிரப்பலாம். களிம்பு, வெப்பக் கருவி ஆகியவற்றால் தோலை இறுக்க முயலலாம். அறுவை சிகிச்சை செய்து உபரித் தோலை அகற்றிவிடலாம். தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இவற்றை ஒப்பிடுகிறேன். வெயில், உப்புக் காற்று, குளிக்கும் தண்ணீர், செய்யும் தொழில், பெரிய மருத்துவமனைக்கு உள்ள தூரம் ஆகிய அனைத்தும் இந்த முடிவை மாற்றக்கூடியவை. சென்னையில் இருப்பவருக்குப் பொருந்தும் ஆலோசனை பாம்பனில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமளவு எடை குறைந்தவர்களுக்கு மூன்றாவது வழி, அதாவது களிம்பும் கருவியும், கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பலன் தருவதில்லை. முதல் இரண்டு வழிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, எடை நிலைத்த பிறகு, அப்போதும் தோல் உடலுக்குத் தொல்லையாக இருந்தால் நேராக நான்காவது வழிக்குப் போவதே சரியானது. இடையில் செலவழிக்கும் ஒவ்வொரு ஆயிரமும் பிற்பாடு அறுவைக்குத் தேவைப்படும் ஆயிரம்.

தோல் ஏன் தானாகச் சுருங்குவதில்லை என்பது தெரிந்தால் இந்த முடிவின் காரணம் விளங்கும். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் இழைகள் உறுதியையும் எலாஸ்டின் இழைகள் மீள்தன்மையையும் தருகின்றன. பல ஆண்டுகள் இழுபட்டே இருந்த தோலில் எலாஸ்டின் இழைகள் சிதைந்துபோகின்றன. வளர்ந்துவிட்ட உடலில் அவை பழைய அளவுக்கு மறுபடியும் உருவாவதில்லை. ஆகவே எத்தனை கிலோ குறைந்தது என்பது மட்டுமல்லாமல், அந்த எடையை எத்தனை ஆண்டுகள் சுமந்தார், எந்த வயதில் குறைத்தார், எத்தனை பிள்ளைப்பேறு, புகை பிடிப்பவரா, வெயில் எவ்வளவு பட்ட தோல் என்பவையும் சேர்ந்தே தொய்வைத் தீர்மானிக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் இந்த இரு இழைகளையும் சிதைப்பதால், கடலிலும் உப்பளத்திலும் வேலை செய்தவர்களின் முன்கைத் தோலும் கழுத்துத் தோலும் வீட்டுக்குள் இருப்பவர்களுடையதைவிட முன்பே தளர்ந்திருக்கும். இருபத்தைந்து வயதில் பதினைந்து கிலோ குறைத்தவருக்கு ஓரிரு ஆண்டுகளில் தோல் பெரும்பாலும் ஒட்டிவிடும். ஐம்பது வயதில் ஐம்பது கிலோ குறைத்தவருக்கு அப்படி நடப்பது அரிது. இதை அவர் தன் குறையாக எண்ண வேண்டியதில்லை.

ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நின்றபடி வயிற்று மடிப்பை இரு விரலால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பிடிபடுவது துணியைப்போல் மெல்லியதாக இருந்தால் அது தோல். தடித்து, பிசைந்த மாவுபோல் இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது, எடை குறைவதற்கு இடம் இருக்கிறது. பலர் கொழுப்பைத் தோல் என்று எண்ணி அறுவைக்கு அவசரப்படுகிறார்கள். வேறு சிலர் வெறும் தோலைக் கொழுப்பு என்று எண்ணிப் பட்டினி கிடந்து, இருக்கிற தசையையும் இழக்கிறார்கள். இரண்டாவது தவறு அதிகம் கெடுக்கும். எந்த முயற்சியும் இல்லாமல் எடை குறைந்திருந்தால், தோலைப் பற்றி யோசிப்பதற்கு முன் சர்க்கரை, காசநோய், தைராய்டு ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நிபந்தனை எடை நிலைத்திருப்பது. உணவாலும் நடையாலும் குறைத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் ஒரே எடையில் நிற்க வேண்டும். எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை செய்தவர்களுக்கு எடை குறைவது 12 முதல் 18 மாதம் வரை தொடரும் என்பதால், அதற்குப் பிறகே நிலைத்த காலத்தைக் கணக்கிட வேண்டும். இடையில் தோலை அகற்றினால், மேலும் எடை குறைந்து மறுபடி தோல் தொங்கும். எடை ஏறினால் தைத்த இடம் விரிந்து தழும்பு அகலும். ஆகவே காத்திருப்பது வீண்போகும் காலம் அன்று. அந்தக் காலத்தை எப்படிக் கழிப்பது என்பதில்தான் முதல் வழியின் முக்கியத்துவம் இருக்கிறது.

மடிப்புக்குள் வியர்வை தேங்கி, தோலோடு தோல் உரசி, சிவந்து, பிறகு காளான் தொற்று சேர்ந்து புண்ணாவதே தொங்கும் தோலின் அன்றாடத் துன்பம். ஆண்டின் பெரும்பகுதி புழுங்கும் நம் கரையில் இது மற்ற இடங்களைவிடக் கடுமையாக வரும். பாம்பனில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இதைக் கையாளும் விதத்தை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. பழைய பருத்தி வேட்டியை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டாக மடித்து அடிவயிற்று மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறார். கூடையோடு கிளம்பும்போது மாற்றுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, நனைந்ததை எடுத்துவிட்டுக் காய்ந்ததை வைக்கிறார். “நனைஞ்ச துணி உள்ள இருந்தா அன்னைக்கு ராத்திரியே எரியும் தம்பி; அதுக்குத் துணியே வைக்காம இருந்துறலாம்” என்றார். மருத்துவரும் இதையேதான் சொல்வார்: மடிப்புக்குள் இரு தோல்பரப்புகளும் ஒன்றையொன்று தொடாமல், ஈரம் தங்காமல் இருக்க வேண்டும்.

குளித்த பின் மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் உலரவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில், குளியலின் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீரை மடிப்புகளில் ஊற்றிக் கழுவுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். மணிக்கணக்கில் ஈரத் துணியோடு இருந்து, கரையேறியதும் உப்பு காய்ந்து மடிப்புக்குள் அரத்தைப்போல் உரசுகிறது. வாசனைப் பவுடர் வியர்வையில் கட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் மடிப்புக்குள் ஈரத்தை அடைத்துவைக்கும். இரண்டையும் மடிப்புக்கு வெளியே மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சேலை கட்டுபவர்கள் பாவாடை நாடாவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எடை குறைந்த பிறகு பழைய பாவாடையையே இறுக்கி முடிவதால், நாடா சரியாக மடிப்பின் வேரில் பதிந்து, நாள் முழுக்க அறுத்து, கருத்த தழும்பாகிறது. சிலருக்கு அந்த இடத்தில் ஆறாத புண்ணும் வருகிறது. நாடாவுக்குப் பதில் நான்கு விரல் அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லி, கட்டும் இடத்தை அவ்வப்போது சற்று மேலே கீழே மாற்றினால் போதும். தொடை உரசுபவர்கள் பாவாடைக்குள்ளும் கைலிக்குள்ளும் முழங்கால் வரை வரும் பருத்தி அரைக்கால் சட்டை அணியலாம். இறுக்கி அணியும் ஷேப்வேர் உடைகள் தோலைச் சுருக்குவதில்லை, ஆடாமல் பிடித்துவைக்க மட்டுமே செய்யும். நைலான் வகையைச் சித்திரை வெயிலில் நாள் முழுவதும் அணிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புண் வந்துவிட்டால் பலர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் காளான் அடியில் பரவும். ஏற்கனவே நைந்த தோல் இன்னும் மெலிந்து, வரிவரியாகக் கீறல் விழும். க்ளோட்ரிமசோல் போன்ற காளான் மருந்து மட்டும் உள்ள களிம்பை மருத்துவரைக் கேட்டுப் பூசுவதே பாதுகாப்பு. அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சிவப்பு விரைவாகப் பரவி, சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், இதற்காக மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது வழியான தசை வளர்ப்பு, தோலை இறுக்காது. தோலுக்கு அடியில் காலியான இடத்தை ஓரளவு நிரப்பும். மேற்கையிலும் தொடையிலும் பிட்டத்திலும் பலன் தெரியும், அடிவயிற்றில் மிகக் குறைவாகவே தெரியும். கூடை தூக்குவதும் வலை இழுப்பதும் உடற்பயிற்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாட வேலை உடலுக்குப் பழகிவிட்ட சுமை. தசை வளரச் சுமை படிப்படியாகக் கூட வேண்டும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய கேனைத் தூக்குவது ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று நாள் செய்து, பாரத்தையும் எண்ணிக்கையையும் மெல்ல உயர்த்தினால் போதும். உணவில் நம் கரைக்கு வாய்த்த நன்மை மீன். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மத்தியும் சூடையும் நெத்திலியும் விலையும் குறைவு. பேரியாட்ரிக் அறுவை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பார்கள்; சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டினால் அதை எட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவாட்டில் புரதம் உண்டு, ஆனால் அதன் உப்பு இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

மூன்றாவது வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ‘தோலை இறுக்கும்’ என்று விற்கப்படும் களிம்புகள் மேல்தோலை மிருதுவாக்கும். தொங்கும் மடிப்பை ஏற்றுவதில்லை. ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் கருவிகள் தோலின் உள்ளடுக்கைச் சூடேற்றிக் கொலாஜனைச் சுருக்குகின்றன. தாடைக்குக் கீழோ மேற்கையிலோ இலேசான தளர்ச்சி உள்ளவருக்கு ஓரளவு பலன் தெரியலாம். ஒரு அமர்வுக்கே ஆயிரக்கணக்கில் செலவு, பல அமர்வுகள் வேண்டும், கவனக்குறைவாகச் செய்தால் தீக்காயமும் நம் நிறத் தோலில் கருமையும் வரும். மடிப்பாகத் தொங்கும் வயிற்றுத் தோலுக்கு இவற்றைப் பரிந்துரைக்கும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் மட்டும் செய்துகொள்வதும் தீர்வாகாது; உள்ளே இருப்பதை எடுத்தால் தோல் மேலும் தொய்யும்.

அறுவையில்தான் ஆழ்ந்து யோசிக்க வேண்டியவை அதிகம். வயிற்றில் இரண்டு வகை உண்டு. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. தோலை எடுப்பதோடு, பிள்ளைப்பேற்றிலும் பருமனிலும் விலகிய வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளையும் இடம் மாற்றி அமைப்பது அப்டோமினோபிளாஸ்டி. தழும்பு ஒரு இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை நீளும். மிகுதியான தோல் உள்ளவர்களுக்கு நடுவயிற்றில் நெடுக்காகவும் ஒன்று வரலாம். வயிற்றுத் தழும்பு உடைக்குள் மறையும். கையில் வருவது அப்படியல்ல. அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறமாக ஓடும் அந்தக் கோடு, குட்டைக் கை ரவிக்கையில் தெரியும். தொடை இடுக்கில் செய்யும் அறுவைக்குக் காயம் பிரிவதும் தொற்று வருவதும் அதிகம். வியர்வை மிகுந்த நம் ஊரில் அதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளலாம். தழும்பு முதிர்ந்து வெளிற 12 முதல் 18 மாதம் ஆகும்; வெயில் படாமல் மூடி வைத்தாலும் சிலருக்குக் கருத்தோ தடித்தோ நிற்கும். காது குத்திய இடம் தடித்துப்போனவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பலன் உண்மையானது. மடிப்புப் புண் நிற்கும், நடை இலகுவாகும், உடை பொருந்தும். விலையும் உண்மையானது. தோலுக்கு அடியில் நீர் கோத்தல், காயத்தின் ஓரம் பிரிதல், தொற்று, அரிதாகக் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போதல் ஆகியவை தெரிந்த ஆபத்துகள். நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கித் தையல் ஓரத்துக்கு இரத்தம் போகாமல் செய்வதால், பீடி, சிகரெட் மட்டுமல்லாமல் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் பின்பும் விட்டிருக்க வேண்டும். இரத்தசோகை, புரதக் குறைவு, பி12 குறைவு ஆகியவற்றைச் சரிசெய்து, சர்க்கரையை மருத்துவர் சொல்லும் அளவுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறிக்க வேண்டும். இன்னும் குழந்தை பெற எண்ணுபவர்கள் வயிற்று அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லது.

இனி நாள் பார்ப்பது. விசைப்படகில் போகும் ஆண்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஓய்வுக்கு ஏற்ற காலமாகத் தோன்றும். வருமான இழப்பு இல்லை, ஆறு வாரம் பாரம் தூக்காமல் இருக்கலாம். ஆனால் அதுதான் ஆண்டின் கடும் வெப்பம். இறுக்கமான வயிற்றுப் பட்டையை வாரக்கணக்கில் இரவும் பகலும் அணிய வேண்டிய நேரத்தில் அந்தப் புழுக்கம் காயத்துக்குப் பகை. காற்றோட்டமான அறையும் தடையில்லா மின்சாரமும் இருந்தால் தடைக்காலம். இல்லையென்றால், வருமானம் கொஞ்சம் போனாலும், கார்த்திகை மார்கழியையே நான் தேர்வேன். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ வரை கனக்கும். அறுவை செய்த பெண் ஆறு வாரம் அதைத் தூக்கக் கூடாது என்றால், வீட்டில் யார் தூக்குவார் என்பதை முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். இதைப் பேசாமல் அறுவைக்குப் போனவர்கள் பலர் பத்தாம் நாளே குடத்தைத் தொடுகிறார்கள்.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வந்த இளைஞர்கள், அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். உடலில் பொருத்திய வடிகுழாய் எடுக்கவே ஓரிரு வாரம் ஆகலாம். அதன் பிறகும் நீர் கோத்தால் ஊசியால் எடுக்க வேண்டியிருக்கும். புதிய அறுவையோடு நீண்ட விமானப் பயணம் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். மூன்று மாதம் ஊரில் இருக்க முடிகிற ஆண்டுக்கு அதை ஒத்திவைக்கலாம். தூரமும் இதில் சேரும். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர்; அறுவை முடிந்த மூன்றாம் நாள் பேருந்தில் வந்து, காயம் கசிந்ததும் மறுபடி ஓடுவதைவிட, முதல் இரண்டு வாரம் மதுரையிலேயே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவது நல்லது. அந்தச் செலவையும் சேர்த்தே அறுவைச் செலவைக் கணக்கிட வேண்டும்.

ஆகவே மடிப்பில் புண் வராமல், பார்வைக்கு மட்டுமே உறுத்துகிறது என்பவருக்கு முதல் இரண்டு வழிகள் பெரும்பாலும் போதும். அப்படிச் சொல்வதால் அந்த உறுத்தலைச் சிறிதாக எண்ணவில்லை. “என்ன இப்படி வத்திப்போயிட்ட, சுகரா? பழைய உடம்பே நல்லா இருந்துச்சு” என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு நடுவில் நிற்பது எளிதன்று, அதற்காகவே ஒருவர் அறுவையைத் தேர்ந்தால் அதுவும் நியாயமான காரணமே, செலவையும் தழும்பையும் தெரிந்து தேர்ந்தால் போதும். மாதந்தோறும் புண் வருபவர், மடிப்பு தொடை வரை தொங்கி நடை தடைபடுபவர் ஆகியோர் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் வயிற்றை மட்டும் முதலில் செய்துகொண்டு, கையையும் தொடையையும் பிறகு பார்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யும் திட்டத்தில் மயக்க நேரமும் இரத்த இழப்பும் கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை, தனியார் மருத்துவமனையில் வயிற்று அறுவை இலட்சங்களில் போகும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவைத் (பிளாஸ்டிக் சர்ஜரி) துறை இருக்கிறது. மடிப்புப் புண்ணுக்காகத் தொடர்ந்து சிகிச்சை எடுப்பவர்கள் முதலில் அங்கே காட்டிக் கேட்கலாம். மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவையை ஏற்பதில்லை. உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சையின் பகுதி என்று மருத்துவர் சான்றளித்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் புண் வந்த ஒவ்வொரு முறையும் வெளிநோயாளிச் சீட்டில் எந்த மடிப்பில், எத்தனை நாளாக என்று எழுதி வாங்கி, தேதியோடு படம் எடுத்து, பூசிய மருந்துகளின் ரசீதுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். அவற்றோடு அறுவைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் கேட்க வேண்டும். அந்த ஒப்புதல் கைக்கு வரும் வரை மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டாம்.